உதைக்கு மசியாத சிவப்பு மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிளுக்குக் கன்னம் என்று ஒன்று இருந்திருந்தால், போன செவ்வாய்க்கிழமையே ஐயாத்துரை அதில் ஓங்கி ஒன்று விட்டிருப்பார். கன்னம் இல்லாதபடியால் கிக்கரை உதைத்தார். விடிந்ததிலிருந்து உதைத்தார். சோக்கை இழுத்து உதைத்தார், தள்ளி உதைத்தார், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி உதைத்தார். கடைசியில் அதைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டித் திட்டி உதைத்தார். தர்மபுரம் ஊரே கேட்டது, சைக்கிள் கேட்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

அது பழைய எம்.டி. நைன்ரி. சிவப்பு நிறம். வன்னியில் அந்தச் சாதிச் சைக்கிளை நம்பிக் கெட்டவன் இல்லை என்று ஒரு கதை உண்டு. ஐயாத்துரைதான் முதல் ஆள்.

அன்று காலை கிளிநொச்சியில் காணி விசாரணை. வாய்க்கால் கரையோடு கிடக்கிற அவருடைய வயலை, சண்டைக்குப் பிறகு பற்றை வெட்டித் திருத்தி விதைத்துக்கொண்டிருப்பவன் வீரையா. அரசாங்கம் தந்த காணிப் பெர்மிற் ஐயாத்துரையின் பெயரில் இருக்கிறது. போய் நின்றால் வயல் கைக்கு வரும். ஆனால் ‘இன்னும் ஒரு உதை, இன்னும் ஒரு உதை’ என்று நின்று பஸ்ஸையும் விட்டு, யாரோ ஒருவனின் உழவு இயந்திரத்தில் தொங்கிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராதவருக்குக் காணி இல்லை, வந்தவருக்கே காணி என்று அதிகாரி அம்மா சொல்லிவிட்டார். இவர் நின்று கத்திய கத்தலில் ஒரு சலுகை மட்டும் கிடைத்தது. யாரோ வேண்டுமென்று தடுத்தது என்று காட்டினால் திரும்ப விசாரிக்கலாம். கடைசித் தவணை இன்றைக்குப் பின்னேரம்.

ஆகவேதான் இன்று காலை சுதாகரன் வந்து அந்தச் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தான். இன்சூரன்சுக்காரருக்கு மோதின வாகனங்களைப் பார்த்துப் பொய்யையும் மெய்யையும் பிரித்துக் கொடுத்தவன். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் துப்பறிகிறேன் என்று ஒரு அறை எடுத்து இருக்கிறான். கூட வந்தவள் நிரோசினி, அவனுடைய உதவியாள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. வாய் சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடும் என்று நினைப்பவள்.

“சைக்கிளை ஆரும் தொட்டதோ ஐயா?” என்றான் சுதாகரன்.

“அண்டையில இருந்து இப்பிடியே படங்கு போட்டு மூடிக் கிடக்கு தம்பி. நான்கூடத் தொடேல்லை. அதின்ர முகத்தில முழிக்க விருப்பமில்லை.”

“கோவிச்சுக்கொண்டிருக்கிறீங்களோ?” என்றாள் நிரோசினி.

“பிள்ளை மாதிரிப் பாத்தனான், தங்கச்சி. வேணுமான நாளில காலை வாரிப்போட்டுது.”

உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் யதுர்ஷிகா, ஐயாத்துரையின் ஒரே மகள். முள்ளிவாய்க்காலில் கடற்றொழில் செய்கிற றெஜியைக் கட்டிக்கொண்டு போனவள், தாயின் திவசத்துக்கு வந்தவள் இன்னும் நிற்கிறாள். அப்பா உடைந்துபோயிருக்கிறார், விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று புருசனுக்குச் சொல்லியிருந்தாள். ஐயாத்துரைக்கு அது பெரிய ஆறுதல். ஊரே கைவிட்டாலும் பிள்ளை நிற்கிறாளே!

சுதாகரன் பிளக்கைக் கழற்றிச் சைக்கிளின் உடம்பில் சாய்த்துப் பிடித்தான். “மிதியுங்கோ.”

ஐயாத்துரை மிதித்தார். நீலமாய் ஒரு பொறி பறந்தது.

“நெருப்பு இருக்கு. பெற்றோல் ரப்பு?”

“திறந்துதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கி முட்ட அடிச்சனான்.”

“நெருப்பும் இருக்கு, எண்ணெயும் இருக்கு, காத்தும் போகுது. கலியாணம் மட்டும் நடக்கேல்லை,” என்றாள் நிரோசினி.

சுதாகரன் ஈரமாயிருந்த பிளக்கைப் பழைய பேப்பர்த் துண்டில் ஒற்றி எடுத்து, அதை வெயிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தான். குடித்து முடிந்தபிறகும் பேப்பரில் அந்த ஈரம் அப்படியே இருந்தது. பெற்றோல் என்றால் எப்போதோ பறந்திருக்கும். அவன் நிரோசினிக்குக் கண்ணைக் காட்டினான். நிரோசினி இருக்கையைத் தூக்கி, தாங்கியில் குழாய் விட்டு ஒரு தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் இழுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள், புருவத்தை உயர்த்தினாள். பிறகு மரியாதையாக ஐயாத்துரையிடம் நீட்டினாள்.

“மணந்து பாருங்கோ ஐயா. பழுதாப் போச்சோ?”

ஐயாத்துரை நன்றாக இழுத்து மணந்தார். “சீச்சீ, நல்ல பெற்றோல்.”

“ஐயா, இதைப் பெற்றோல் எண்டு சொன்னால் பெற்றோல் மானநட்ட வழக்குப் போடும். இது மண்ணெண்ணெய்.”

ஐயாத்துரையின் முகம் சுருங்கிவிட்டது. மண்ணெண்ணெய் என்பதைவிட, பிடிபட்டுப்போனதுதான் அவரைச் சுட்டது.

“எப்ப இருந்து மணம் தெரியாது?” என்று சுதாகரன் மெல்லக் கேட்டான்.

“கொரோனாக் காய்ச்சலோட போனது, திரும்பி வரேல்லை. மூக்கில்லாதவன் எண்டு சனம் சிரிக்கும் எண்டு சொல்லேல்லை தம்பி. கோயிலில பூவைத் தந்தாலும் மணந்து தலையாட்டுவன். வெளியாருக்கு ஒருதருக்கும் தெரியாது.”

சுதாகரன் கடைசி வசனத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான் போலிருந்தது. சும்மா தலையை ஆட்டினான்.

ஐயாத்துரைக்கோ இப்போதுதான் சூடேறியது. “மண்ணெண்ணெயோ! சண்டைக்குள்ள பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில நான் இதே மண்ணெண்ணெயில முல்லைத்தீவு வரைக்கும் ஓடினவன். பிளக் ஓட்டைக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஒரு உதை உதைஞ்சால், சூடாகிப் பிறகு மண்ணெண்ணெயில ஓடும். இதெண்டு தெரிஞ்சிருந்தால் நான் பறந்திருக்க மாட்டனே?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்,” என்றான் சுதாகரன்.

“யோசிக்க என்ன கிடக்கு? வீரையா! அவன்ர தண்ணி மோட்டர் ஓடுறது மண்ணெண்ணெயில. இந்த முத்தத்தில இருந்து என்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சவன். குடிச்ச வாய்க்குத் துரோகம் செய்திட்டான், நாசமாப் போவான்.”

வீரையாவின் வளவு இரண்டு வரம்பு தாண்டினால் வந்துவிடும். மூன்று பேரும் நடந்தார்கள். ஐயாத்துரை முன்னால், குற்றவாளியைக் கையோடு பிடிக்கப் போகிறவரின் நடை. மோட்டர்க் கொட்டிலில் வெள்ளைக் கான் ஒன்று இருந்தது. அவர் அதைத் தூக்கப்போக, வீரையாவின் மனைவி இரஞ்சிதம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“கேட்டு எடுங்கோ ஐயா, நான் தராமலோ இருக்கப் போறன்? அவர் வெள்ளண்ணவே கிளிநொச்சிக்குப் போட்டார். நீங்கள் பின்னேரம் வருவீங்கள், திரும்பவும் விசாரிப்பினம், அப்ப காணி போகும் எண்டுதான் போனவர். அண்டைக்கும் அப்பிடித்தான், இந்த வயலைக் கும்பிட்டிட்டுப் போனவர். கிடைச்சதை எங்களால நம்பவே ஏலாமக் கிடக்கு.”

நிரோசினி வீரையாவின் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் இடது உள்ளங்கையில் விட்டாள். போத்தலில் கொண்டுவந்ததை வலது உள்ளங்கையில் விட்டாள். இரண்டையும் வெயிலில் பிடித்தாள்.

“அண்ணை, இடது கை மண்ணெண்ணெய். வலது கை மண்ணெண்ணெயும் ஒயிலும். பாருங்கோ, நீலம் ஓடுது. வழுவழுக்குது. அண்ணை, ஐயா, இது வீரையாவின்ர வேலை இல்லை.”

எதிரி நிரபராதி என்று தெரிந்தால் நல்ல மனிதனுக்குச் சந்தோஷம் வரவேண்டும். ஐயாத்துரைக்கு வயிறு எரிந்தது. வீரையாவை வெறுப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. அதைப் பறித்துவிட்டால் பிறகு யாரை வெறுக்கிறது? திரும்பி வருகிற வழியெல்லாம் வரம்பில் நடக்கத் தெரியாதவர்போல இரண்டு தரம் சறுக்கினார்.

வீட்டு வாசலில் சுதாகரன் நின்றான்.

“ஐயா, மனதைத் திடமாக்கிக்கொண்டு கேளுங்கோ. வஞ்சகம் உள்ளவன் தாங்கிக்குள்ள சீனி போடுவான், மண் போடுவான், ரயரை வெட்டுவான். இது எஞ்சினுக்கு நோகாமல் செய்த வேலை. காபரேட்டர் கிண்ணத்தில மிஞ்சிக் கிடக்கிற பெற்றோலைக்கூட அடியில இருக்கிற ஸ்குறூவைத் திறந்து வடிச்சிருக்கு, இல்லாட்டில் அது ஒருக்கா எண்டாலும் பத்தியிருக்கும். சைக்கிளைத் தெரிஞ்ச ஆள். சைக்கிளில ஆசையும் உள்ள ஆள்.”

“அப்பிடி ஆர்?”

“நீங்களே சொன்னனீங்கள், மண்ணெண்ணெய் எண்டு தெரிஞ்சிருந்தால் பறந்திருப்பன் எண்டு. அப்ப உங்களுக்கு மணம் தெரியாது எண்டு தெரிஞ்ச ஆளாலதான் இதைத் துணிஞ்சு செய்ய ஏலும்.”

“ஒயில் கலந்த மண்ணெண்ணெய் எங்கட கரையிலதான் ஐயா கிடைக்கும்,” என்றாள் நிரோசினி. இந்த முறை அவளுடைய குரலில் பகிடி இல்லை. “வள்ள எஞ்சினுக்குக் கலந்து வைக்கிறவை. அது விளக்குக்கு உதவாது. கொழுத்தினால் சிமினியெல்லாம் கரியாப் போகும்.”

ஐயாத்துரை உடனே வாயைத் திறந்தார். “ஓமோம், அது சரியான புகை! திங்கட்கிழமை கரண்ட் நிண்டாப்போல அரிக்கன் லாம்பைக் கொழுத்தினனான், சிமினி அப்பிடியே கறுத்துப்போட்டுது. மகள் கொண்டந்த எண்ணெய்…”

வார்த்தை அங்கேயே நின்றது. வாயால் வந்ததைத் திரும்ப விழுங்க அவர் பார்த்தார். முடியவில்லை.

குசினி வாசலில் யதுர்ஷிகா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் ஒரு கான் இருந்தது. கொண்டுவந்து தகப்பனின் காலடியில் வைத்தாள்.

“உங்கட பெற்றோல் அப்பா. ஒரு சொட்டும் கொட்டேல்லை.”

ஐயாத்துரை அந்தக் கானைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தார். அவளுக்கு அந்தச் சைக்கிளை ஓடப் பழக்கினவர் அவர்தான். காபரேட்டரில் பெற்றோல் தேங்கினால் கிண்ணத்தின் ஸ்குறூவைத் திறந்து வடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். குரங்கின் கையில் கொடுத்த பூமாலை என்றால்கூடப் பரவாயில்லை. இது பிள்ளையின் கையில் கொடுத்த கத்தி.

“நீயோ?”

“ஓம்.”

“அடுப்பில கருவாடு கருகின மணம் எனக்குத் தெரியாமல் இருந்துதே, அண்டைக்கு நீ ஒண்டும் சொல்லாமல் சிரிச்சனி. அதை மனதில வைச்சிருந்துதான் செய்தனியோ?”

அவள் தலையைக் குனிந்தாள். “விளக்குக்கு எண்டு றெஜியிட்டைக் கேட்டனான். அவர் வள்ளத்துக் கானைத் தூக்கித் தந்துபோட்டார், எனக்கு வித்தியாசம் தெரியேல்லை. அதுதான் பிடிபட்டனான்.”

“பிடிபட்டதுதானோ உனக்குக் கவலை?”

“இல்லை அப்பா. நீங்கள் அண்டைக்கு உதைஞ்சுகொண்டு நிக்கேக்கை நான் குசினிக்குள்ள இருந்து அழுதனான். நீங்கள் சைக்கிளை விட்டிட்டுப் பஸ்ஸுக்கு ஓடமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செய்தனான்.”

“ஏன்? அந்த வயல் உனக்குத்தானே வரப்போகுது!”

“எனக்கு வேண்டாம். அது வீரையா மாமாவின்ர. கடைசிச் சண்டையில நீங்கள் காயப்பட்டுக் காயக்காரரின்ர கப்பலில போன பிறகு நந்திக்கடல் தண்ணிக்குள்ளால என்னைத் தோளில தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்தானே. அது உங்களுக்குத் தெரியும். அம்மா தண்ணிக்குள்ள வைச்சு அவரிட்டைச் சொன்னவா, ‘என்ர பிள்ளையைக் கரை சேத்துவிடு, வாய்க்கால் கரை வயலை நீயே செய்’ எண்டு. நான் அவரின்ர தோளில இருந்து கேட்டனான்.”

“ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம்!”

“இதைத்தான் ஒவ்வொருக்காலும் சொல்லுறீங்கள். வயலை விடுங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டனான்? நீங்கள் ஒவ்வொருக்காலும் பெர்மிற்றைத்தானே எடுத்துக் காட்டினீங்கள். அம்மா உங்களுக்குப் பயத்தில கடைசி வரைக்கும் வாய் திறக்கேல்லை. நானும் அப்பிடியே இருக்கிறதோ?”

ஐயாத்துரை வாசல் படியில் குந்தினார். மகள் ஒரு பக்கம், சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுக் களவாய்ச் செய்தவள். செத்துப்போன பெண்சாதி இன்னொரு பக்கம், இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்து எழும்பியவள் இவ்வளவு பெரிய வாக்கை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஒரு பிறத்தியானாக்கி வைத்திருந்தார்கள் என்று நினைத்தபோது, வயல் போனதைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது. அழுகை வந்தது. ஆட்கள் முன்னால் அழ விருப்பமில்லாமல் சைக்கிளிடம் போனார்.

தாங்கியை வடித்தார். கிண்ணத்தை வடித்தார். அவள் வைத்த பெற்றோலை ஊற்றினார். பிளக் ஓட்டைக்குள் இரண்டு சொட்டு விட்டுப் பூட்டி, ஒரே ஒரு உதை உதைத்தார். சைக்கிள் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு படபடவென்று எழும்பிவிட்டது. வெட்கம் கெட்ட சைக்கிள்!

“நாங்கள் பின்னால வாறம் ஐயா,” என்றான் சுதாகரன். “அங்க நீங்கள் பேர் சொல்லவேணும். ஆர் தடுத்தது எண்டு கேப்பினம். பேர் இல்லாமல் காணி இல்லை.”

“என்ர பேரைச் சொல்லுங்கோ அப்பா,” என்றாள் யதுர்ஷிகா. “நான் பஸ்ஸில வாறன். கேட்டால் ஓமெண்டு சொல்லுவன்.”

ஐயாத்துரை கியரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

காணிக் கந்தோரின் நீளக் கதிரையில் வீரையா இருந்தான். இவரைக் கண்டதும் எழும்பினான். கழுத்தில் போட்டிருந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். இவர் பார்க்காததுபோல் உள்ளே போனார். சுதாகரனும் நிரோசினியும் பின்னால் நின்றார்கள். போத்தல் சுதாகரனின் பைக்குள் இருந்தது.

அதிகாரி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “சொல்லுங்கோ ஐயா. சைக்கிளுக்கு ஆரும் ஏதும் செய்தவையோ?”

“ஓம் அம்மா. பெற்றோலை எடுத்துப்போட்டு மண்ணெண்ணெய் விட்டிருக்கு.”

“ஆர்?”

கதவு நிலையில் யதுர்ஷிகா வந்து நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு, வியர்வை, கலைந்த தலை. ஐயாத்துரை அவளைக் கண்டார். ஒரு பெயரைச் சொன்னால் போதும். வயல் வரும். இந்தச் சபையில், வீரையா பார்த்துக்கொண்டிருக்க, அவள் தலையைக் குனிந்து ஓம் என்று சொல்லுவாள். அவருக்கு அது வேண்டும்போலவும் இருந்தது. அவ்வளவு கோபம். நாக்கு நுனிவரை வந்த பெயரை அவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“நான்தான் அம்மா,” என்றார்.

“நீங்களோ?”

“எனக்கு மணம் தெரியாது. கொரோனாக் காய்ச்சலோட போட்டுது. கான் மாறி ஊத்திப்போட்டன். ஆரும் தடுக்கேல்லை.”

இத்தனை காலம் ஊருக்கு ஒளித்து வைத்திருந்ததை அவர் ஒரு கந்தோர் முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டார். பின்னால் யாரோ ஒரு கிளார்க் சிரித்தான். அதிகாரி அம்மா அவனை முறைத்துவிட்டு இவரைப் பார்த்தார்.

“அப்பிடியெண்டால் அது உங்கட கவனக்குறைவு ஐயா. முதல் சொன்னதை மாத்த ஏலாது. காணி அவருக்குத்தான்.”

“ஓம்.”

வெளியே நிரோசினி வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கேட்டாள்: “பொய் சொல்லுறதெண்டால் எங்களை ஏன் ஐயா கூப்பிட்டனீங்கள்?”

“மெய் தெரியவேணுமே, தங்கச்சி.”

வீரையா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். ஐயாத்துரை அவனைத் தாண்டிப் போனார். மகளைத் தாண்ட முடியவில்லை. அவள் சைக்கிளோடு ஒட்டி நின்றாள்.

“அப்பா… ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?”

“நான் ஆரையும் காட்டிக்குடுக்கிறேல்லை, பிள்ளை.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் திட்டுக்குத் தயாராக வந்தவள். வயலைப் பற்றி, வீரையாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி எல்லாவற்றுக்கும் மறுமொழி வைத்திருந்தாள். அவற்றை அவர் கேட்கவே இல்லை.  சைக்கிள் முதல் உதையிலேயே எழும்பியது. அவள் பின் இருக்கையில் கை வைத்தாள்.

“ஏறட்டோ அப்பா?”

“பஸ் இருக்கு,” என்றார் ஐயாத்துரை.